நாமக்கல் முட்டையும் கொடி ஆடும்: இராமநாதபுரம் கரையோரத்தின் புரதக் கணக்கு

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வழியாக மூக்கையூர் வரை நீளும் கரையோரத்தில் வசிப்பவர்களுக்கு மீன் ஒன்றே போதும் என்று வெளியூர்க்காரர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் 61 நாட்கள் கட்டிக்கிடக்கும் தடைக்காலத்தில் இங்கே வந்து பார்ப்பவர்கள் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள். நாட்டுப்படகுகள் கொண்டுவரும் கொஞ்ச மீனும் கூலிக்குடும்பங்களின் கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட, பிராய்லர் கடைகளிலும் முட்டைக் கடைகளிலும் கூட்டம் சேர்கிறது. உலக மக்கள் உண்ணும் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கால்நடைகளிடமிருந்தும் கோழிகளிடமிருந்தும் வருகிறது. அந்தப் பங்கை இந்தக் கரையில் நாமக்கல், பல்லடம் பக்கமிருந்து லாரியில் வரும் முட்டையும் பிராய்லரும், மந்தையாக மேயும் ஆடுகளும், புறக்கடையில் திரியும் நாட்டுக்கோழிகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டுத் தருகின்றன. இவற்றுள் எது மக்களுக்குச் சோறு போடுகிறது என்று கேட்டால், யாருக்கு, எதைத் தின்று என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது என்பதே என் கருத்து.

விலையைக் கொண்டு பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை. ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கும் காசில் மூன்று கிலோ பிராய்லர் கறி வாங்கலாம். முட்டையாக வாங்கினால் நூற்றுக்கு மேல் கிடைக்கும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால் நூறு முட்டையில் 600 கிராம் ஆகிறது. எலும்போடு நிறுத்துத் தரப்படும் ஒரு கிலோ ஆட்டுக்கறியில் 200 கிராமைத் தாண்டாது. முட்டைக்குக் குளிர்பதனப் பெட்டி வேண்டாம், முள் இல்லை, அரைமணி நேரச் சமையலும் இல்லை. பள்ளி நாட்களில் சத்துணவோடு தினமும் ஒரு முட்டை தரும் ஏற்பாட்டை வேறு எந்த இறைச்சியைக்கொண்டும் இந்த அளவுக்கு நடத்தியிருக்க முடியாது. தந்தை கடலுக்குப் போகாத நாட்களிலும் மண்டபத்துப் பிள்ளையின் தட்டில் அந்த முட்டை தவறாமல் இருப்பதற்குக் காரணம், நானூறு முட்டைக் கோழிகளை அல்ல, பல்லாயிரம் கோழிகளை ஒரே கொட்டகையில் வைத்து, ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடவைக்கும் அந்தத் தொழிலின் ஒழுங்குதான். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே அதிகக் கோழிகள் உள்ள மாநிலமாகத் தமிழ்நாடு, ஏறத்தாழ 12 கோடி எண்ணிக்கையுடன், முதலிடத்தில் நின்றது. தொழிற்பண்ணை என்றதும் முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்துவிட்டுச் சுளிக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கோழி எதைத் தின்கிறது என்று கேட்கும்போது கணக்கு சற்றே மாறுகிறது. ஒரு முட்டைக்கு 120 முதல் 130 கிராம் தீவனம் செலவாகிறது. இரண்டு கிலோ எடைக்கு வர நாற்பது நாட்கள் எடுத்துக்கொள்ளும் பிராய்லர், அதற்குள் மூன்று கிலோவுக்கு மேல் தின்றுவிடுகிறது. அதில் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும். இரண்டும் நல்ல நிலத்தையும் நீரையும் கேட்பவை, நம் கரையில் விளையாதவை. நம் கரையிலிருந்து போகும் சரக்கு ஒன்றும் அந்தத் தீவனத்தில் உண்டு. இழுவை மடியில் பெரிய மீனோடு சேர்ந்து அள்ளப்படும் காரல், குஞ்சு மீன், உடைந்த நண்டு முதலானவற்றை இராமேசுவரம், பாம்பன் பக்கம் சங்காயம் என்று ஒதுக்குவார்கள். அது மணலில் காய்ந்து, மூட்டையாகி, மீன்தூளாகக் கோழித்தீவனத்தில் கலக்கிறது. சோயா வந்தபின் மீன்தூளின் பங்கு குறைந்துவிட்டதென்றாலும் வியாபாரம் நிற்கவில்லை. காரலை இந்த ஊர்ப் பெண்கள் குழம்பும் வைப்பார்கள், பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சியோடு சொதியாகவும் கொடுப்பார்கள். மனிதர் நேராகத் தின்னக்கூடிய மீன் தீவனமாகப் போய் முட்டையாகத் திரும்பிவரும் வழியில் அதன் புரதத்தில் பெரும்பகுதி கோழியின் உடம்பிலேயே செலவாகிவிடுகிறது; வளராத குஞ்சு மீனை அள்ளியதால் அடுத்த ஆண்டுக் கடலும் இளைக்கிறது. முட்டையின் மலிவு விலையில் இந்தக் கழிவு எழுதப்படுவதில்லை.

ஆடு இந்த இடத்தில்தான் மேலே வருகிறது. உலகக் கால்நடைகள் அனைத்தும் தின்னும் தீவனத்தில், உலர் எடையில், 86 விழுக்காடு மனிதர் உண்ண முடியாதது என்று 2017இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது; அந்தப் பெரும்பங்கு அசைபோடும் விலங்குகளுடையது. சாயல்குடிப் பக்கத்து உடைமரக் காடுகளையும், அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் கண்மாய்ப் பாசன வயல்களையும், ஊரைச் சூழ்ந்து நிற்கும் சீமைக்கருவேலங்களையும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சீமைக்கருவேல இலையை ஆடு தொடாது. கோடையில் உதிரும் நெற்றையோ தேடித் தின்னும். முழு நெற்றாகத் தின்றால் விதை புழுக்கையோடு வெளியேறி அடுத்த முள்காட்டுக்கு விதைப்பாகிவிடுகிறது என்பதால் இடித்துக் கொடுப்பது நல்லது. கால் நீண்டு, உடல் ஒடுங்கி, வெள்ளையில் கரும்புள்ளியோ செம்புள்ளியோ விழுந்த கொடி ஆடும், இராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியும் இந்த வெயிலுக்கும் இந்தப் புல்லுக்கும் பழகிய இனங்கள். மானாவாரிப் பூமியில் ஒரு பிடி மக்காச்சோளம் வாங்காமல் கறியாக மாறக்கூடியது வேறு என்ன இருக்கிறது?

செம்மறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. சம்பா அறுவடை முடிந்ததும் கீதாரிகள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் போய், வயலில் இரவுக் கிடை போட்டு, நிலக்காரரிடம் கூலியாகப் பணமோ நெல்லோ வாங்குகிறார்கள். இராமநாதபுரத்து ஆட்டின் புழுக்கை காவிரிக் கழனியில் நெல்லாகி விளைகிறது. ஆகவே அந்த ஆடு எவ்வளவு உணவு தந்தது என்பதைக் கசாப்புக் கடைத் தராசைக்கொண்டு மட்டும் நிறுப்பது நியாயமாகாது.

இருந்தாலும் ஆட்டுக்குச் சார்பாக வாதிடுபவர்கள், நானும் அவர்களுள் ஒருவன், ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஓராண்டு வளர்ந்த குட்டி 15 முதல் 20 கிலோ வரும். அதில் பாதிக்கும் குறைவே கறி. மேய்த்தவர் வீட்டில் அந்தக் கறி வேகுவது அபூர்வம். அது பள்ளிக் கட்டணமாகவும் மருத்துவச் செலவாகவும் எட்டயபுரம் சந்தைக்கு நடந்து போய்விடுகிறது. ஏழை வீட்டுத் தட்டுக்கு ஆட்டுக்கறி வரும் வழிகள் வேறு: அய்யனார் கோயில் கிடாவெட்டு, நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு ஆட்டை அறுத்துப் பிரிக்கும் கூறுகறி, கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பக்ரீத் அன்று ஏழைகளுக்கென்று ஒதுக்கப்படும் பங்கு. இவை நிறைவானவை, ஆனால் வாரந்தோறும் வருபவை அல்ல. வளரும் பிள்ளைக்கு வேண்டியது திருவிழாப் புரதம் இல்லை, அன்றாடப் புரதம்.

இரும்புச்சத்தில் நிலைமை வேறு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. முட்டையிலுள்ள இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை. சோகை பிடித்த பெண்ணுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டி எனும் மண்ணீரலும் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. அதில் பிழையே இல்லை. ஆனால் பிராய்லர் கடையில் கறியைவிட மலிவாகக் கிடைக்கும் கோழி ஈரலும் இரும்புச்சத்தில் ஆட்டு ஈரலுக்குக் குறைந்ததன்று. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் பெரியவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

பிராய்லரை வெளியூரிலிருந்து ஏன் வாங்க வேண்டும், இங்கேயே பண்ணை போடலாமே என்ற யோசனையும் அவ்வப்போது எழுகிறது. நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தந்து, கொட்டகையும் உழைப்பும் நம்முடையதாக, கிலோவுக்கு இவ்வளவு என வளர்ப்புக்கூலி தரும் முறை கொங்கு நாட்டில் வேரூன்றிவிட்டது. இங்கே அது தள்ளாடும். கோழி தின்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், கோடையில் இன்னும் கூடுதலாக. நிலத்தடி நீர் உவர்த்துப்போய், காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடங்களை வரிசையில் வைக்கும் கிராமங்களில் அந்தத் தண்ணீரை யார் விட்டுக்கொடுப்பார்கள்? புழுக்கத்தில் கோழி மூச்சு வாங்கிச் சாகும் அபாயம் தனி.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது, எண்பது முட்டைதான் இடும். அதிலும் பாதி அடைக்குப் போய்விடும். ஊரை ஊட்ட அதனால் ஆகாது. ஆனால் சோற்றுப் பருக்கையையும் கறையானையும் மீன் செதிலையும் தின்று, கடைக்குப் போகக் காசில்லாத நாளில் அந்த ஒரு வீட்டுக்கு முட்டை தருவது அதுதான். அதன் பகை வெள்ளைக்கழிச்சல் எனப்படும் கோழிக்கழிச்சல் நோய். வந்தால் ஒரு வாரத்தில் தெருக்கோழி முழுவதும் போய்விடும். கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களுக்கு ஊருக்கு ஊர் சேவலும் பெட்டையுமாகத் தூக்கிக்கொண்டு போவதற்கு ஆகும் செலவு ஒரு காலைப்பொழுது மட்டுமே. சங்காயத்துக்குச் சின்னக் கண்ணி மடி இழுப்பதைத் தடுக்கச் சட்டத்தோடும் படகுக்காரர்களோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மேய்ச்சல் நிலத்தை மீட்க ஆண்டுகள் ஆகும். இந்த முகாமுக்கு முந்தின நாள் அந்தியில் கோழிகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் போதும்.