ஓடை கரண்டை ஐதரசனாகச் சேமிக்க எது நல்லது: சிலிண்டரா, மகனீசியமா, இலந்தனம்-நிக்கலா?

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து ஓடைகள் பெருகிவிடும். சிறு நீர்மின் பொறி வைத்திருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு அப்போது தேவைக்கு மேல் கரண்ட். மாசி, பங்குனியில் அதே ஓடை நூலாக இளைத்துவிடும். மழைக்கால மிச்சத்தில் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுத்துவைக்கலாம். எடுப்பதைவிட வைப்பதில்தான் சிக்கல்.

கணக்குக்கு 10 கிலோ ஐதரசன் என்று வைப்போம். ஐதரசனைத் திரும்பக் கரண்டாக்கும் எரிபொருட்கலத்தில் கொடுத்தால் ஏறக்குறைய 160 யுனிட் கிடைக்கும். பெக்டரியை ஓட்ட அது காணாது. மருந்தகத்துக்கும் லயத்து விளக்குகளுக்கும் சில இரவு தாங்கும். ஒரே இரவுக்கு என்றால் லிதியம் பற்றரியே போதும், இந்தப் பேச்சே வேண்டாம். மாதக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால்தான் மேலே படியுங்கள்.

சிலிண்டர் எல்லோருக்கும் தெரிந்த வழி. 200 பார் அமுக்கத்தில் 50 லீற்றர் உருளை ஒன்றில் முக்கால் கிலோகூடத் தேறாது. 10 கிலோவுக்குப் பதினான்கு வேண்டும். வெப்பம் தேவையில்லை, ஆனால் அமுக்கியும் (கொம்பிரசர்) அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

மற்ற இரண்டும் ஐதரசனை உலோகத்துக்குள்ளேயே பிடித்துவைக்கும் வழிகள். ஐதரசனை ஏற்ற உலோகத்துக்கு ஐதரைட்டு என்று பெயர், சூடாக்கினால் ஐதரசன் திரும்ப வெளியே வரும். அதில் மகனீசியம் காகிதத்தில் ராஜா. ஐதரைட்டின் எடையில் 7.6% ஐதரசன், 10 கிலோவுக்கு சுமார் 130 கிலோ போதும். இலந்தனம்-நிக்கல் கலப்புலோகத்தில் 1.4% தான், ஆகவே 700 கிலோவுக்கு மேல் போகும். ஆனால் பெக்டரிக்குப் பின்னால் கொங்கிரீட் தளத்தில் அசையாமல் இருக்கப்போகும் தாங்கிக்கு எடை கூடினால் என்ன, குறைந்தால் என்ன? மகனீசியத்தை வாகனக்காரர் புகழும் காரணம் நமக்கு உதவாது. நமக்கு உதவுவது அதன் மலிவும், அறை வெப்பநிலையில் அமுக்கமே இல்லாமல் மாதக்கணக்கில் கிடப்பதும்.

அதன் வில்லங்கம் உள்ளே இருக்கிறது. ஐதரசன் மூலக்கூறு மேற்பரப்பில் அணுக்களாகப் பிரிந்து உலோகத்துக்குள் புகுகிறது. வெறும் மகனீசியத்துக்குள் நன்றாகவே ஓடும். ஐதரைட்டுக்குள் ஊர்ந்துதான் போகும். துகளின் வெளிப்புறம் முதலில் ஐதரைட்டாகி மூடிக்கொண்டால் நடுப்பகுதி வெறும் உலோகமாகவே நின்றுவிடும். அவசரப்பட்டு அமுக்கத்தைக் கூட்டினால் மூடி இன்னும் சீக்கிரம் விழும், மொத்தக் கொள்ளளவு குறையும். அதனால்தான் உருக்குக் குண்டுகள் உருளும் பந்து ஆலையில் மிக நுண்ணிய மணிகளாக அரைத்து, நையோபியம் ஒட்சைட்டு போன்ற ஊக்கியைச் சேர்க்கிறார்கள். போக வேண்டிய தூரம் குறைகிறது, மணி எல்லைகள் குறுக்குவழியாகின்றன. மலைநாட்டு மூடுபனியில் அந்தப் பொடியைத் திறந்துவைக்கவே கூடாது. ஈரம் பட்டால் கெட்டுவிடும்.

அரைத்தாலும் தீராத ஒன்று வெப்பம். ஒரு மோல் (2 கிராம்) ஐதரசனை ஐதரைட்டிலிருந்து பிரிக்க சுமார் 75 கிலோயூல் வேண்டும். 1 பார் அமுக்கத்தில் ஐதரசனை வெளியே விட 280 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்க வேண்டும். நம் 10 கிலோவுக்கு அது 370 மெகாயூல், அதாவது இழப்பே இல்லாவிட்டாலும் 25 கிலோ காய்ந்த விறகு. தேயிலை பெக்டரியில் விறகு உலை எரிந்துகொண்டுதானே இருக்கிறது என்பீர்கள். சரிதான், உலைப் புகையின் சூடு போதும். நிரப்பும்போது வெளிவரும் வெப்பத்தையும் கொழுந்து வாட்டும் காற்றுக்குக் கொடுக்கலாம். ஆனால் சேமித்ததை எடுக்க வேண்டிய வறட்சி மாதங்களில் கொழுந்தும் குறைவு. பெக்டரி ஓடாத நாளில் உலையும் ஆறிக் கிடக்கும்.

இலந்தனம்-நிக்கலுக்கு அந்தத் தலைவலி இல்லை. 25 பாகையிலேயே அதிலிருந்து ஐதரசன் 2 பார் அளவு அமுக்கத்தில் வெளிவரும். வெப்பத் தேவை பாதிக்கும் குறைவு. எரிபொருட்கலம் தானே கழிக்கும் வெந்நீர் போதும். நுவரெலியாக் குளிரிலும் வேலை செய்யும். விலைதான் கசக்கும். மலிவு வேண்டுமென்றால் டைட்டேனியம்-இரும்பு இருக்கிறது, 1.8% வரை கொள்ளும், ஆனால் முதல் தடவை ஐதரசனை ஏற்கவைக்கப் பாடுபட வேண்டும்.

என்னைக் கேட்டால், காசு இருக்கும் தோட்டம் இலந்தனம்-நிக்கல் எடுக்கலாம், இல்லாவிட்டால் டைட்டேனியம்-இரும்பு. வருடம் முழுக்க உலை அணையாத பெக்டரிக்கு மட்டும் மகனீசியத்தைச் சொல்வேன்.