காவாசான்கூவா, வாய்ஸ் நோட்டா?

கோலாலம்பூர் (கேஎல்) செந்தூல் ஃபிளாட் ஆளுங்களுக்கு அரசாங்க டேட்டா போய்ச் சேர ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மலேசியப் புள்ளிவிவரத் துறையோட காவாசான்கூ சைட், 2022ல வந்தது, தொகுதி பேரைத் தட்டுனா 2020 சென்சஸ் படி எத்தனை பேரு, எந்த இனம்னும், வீட்டு வருமான சர்வே படி வருமானம் எவ்வளவுன்னும் காட்டும், காசு வேணாம். ஆனா மலாய், இங்கிலீஷ் மட்டும்தான். நம்ம அக்காங்க மார்க்கெட்ல மலாய் பொளந்து கட்டுவாங்க, கிராஃப் படிக்கச் சொன்னா அது வேற கதை. அதைவிடப் பெரிய சிக்கல், பினாங்குல சட்டமன்றத் தொகுதி வரைக்கும் பிரிச்சுப் பாக்கலாம், கேஎல்ல சட்டமன்றமே இல்லல்ல, அதனால பிபிஆர் வீடும் (அரசாங்கத்தோட மலிவு விலை ஃபிளாட்) பக்கத்து கோண்டோவும் 'பத்து' (Batu)ங்கற பார்லிமெண்ட் தொகுதின்னு ஒரே கணக்குல கலந்துடும்.

இன்னொண்ணு, விஷயம் தெரிஞ்ச புள்ளைங்க யாராச்சும் அதையே தமிழ்ல பேசி வாட்ஸ்அப் குரூப்ல வாய்ஸ் நோட்டா போடுறது. கண்ணு மங்குன தாத்தாவும் கேப்பாரு, திருப்பிக் கேள்வியும் கேப்பாரு. நம்பர் தப்பா இருந்தா யாரு செக் பண்றது லா, ஃபார்வர்டு ஆகி பழைய கணக்கே சுத்திக்கிட்டு இருக்கும்.

பெரியவங்களுக்கு வாய்ஸ் நோட்டுதான் என் ஓட்டு, ஆனா எந்த வருஷத்து டேட்டான்னு முதல்லயே சொல்லி லிங்கையும் கீழ போட்டுடணும், டிபிகேஎல்லுக்கு (கேஎல் மாநகராட்சி) மனு எழுதுறவங்களுக்கு அது வேணும்.