ஆட்டுப்பட்டிக்கு முள்வேலியா, கம்பிவலையா?

ராமநாதபுரம் கடலோரத்தில், சாயல்குடி, தொண்டிப் பக்கம், ஆட்டுக்குட்டியை நரி தூக்கினால் சிலர் விஷம் வைக்கிறார்கள். 1972 வனஉயிரினச் சட்டப்படி அது குற்றம். செத்ததைத் தின்னும் நாயும் பருந்தும் சேர்ந்தே சாகும். பட்டியை இறுக்குங்கள்.

செலவு: சீமைக்கருவேல முள்ளுக்கு வெட்டுக்கூலிதான். வலைக்கு, கல்தூணோடு, பல மடங்கு.

உழைப்பு: முள் காய்ந்து அமுங்கும், கரையான் அரிக்கும், அடிக்கடி புது முள் போடவேண்டும். வலையைக் கட்டினால் வேலை குறைவு. ஆனால் உப்புக்காற்றில் சாதாரணக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துத்தநாகம் பூசி, மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டதை வாங்குங்கள்.

காவல்: மணல் தரையில் நரி அடியில் தோண்டித்தான் நுழையும். வலையின் அடியை ஓரடி வெளிப்பக்கம் மடித்து மண்ணில் புதையுங்கள். உள்பக்கம் மடித்தால் வீண். நரி வேலியை ஒட்டியே தோண்டும். முள்வேலிக்கு இந்தக் காப்பு கிடையாது.

இடம் மாறும் கிடைக்கு முள் போதும், குட்டிகளைக் கூடாப்பில் (குட்டி அடைக்கும் மூடிய கூட்டில்) அடைத்தால். நிலையான பட்டிக்கு வலைதான்.