கொல்வதற்கு முன் ஒரு நிமிடம்: கிரிஃப்ட்லேண்ட்ஸோடு நான்கு வருடம்

சண்டையில் ஜெயித்தாயிற்று. எதிரி சரணடைந்துவிட்டான். திரையில் கேள்வி நிற்கிறது: விட்டுவிடுவதா, கொல்வதா? கிரிஃப்ட்லேண்ட்ஸ் என்ற கணினி கார்டு கேமை வாங்கிய முதல் வாரத்தில் நான் இதற்கெல்லாம் யோசிக்கவே இல்லை. கார்டு கேம் என்றால் எதிரியைக் காலி செய்துவிட்டு அடுத்த இடத்துக்கு நடையைக் கட்டுவது என்று பழகிய கை. கொன்றேன். கேமுக்குள் அடுத்த நாள் பார்த்தால், அதற்கு முன் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஒருத்தி என்னை வெறுக்கிறாள். செத்தவனின் சிநேகிதியாம். அந்த வெறுப்பு ஒரு சாபம் மாதிரி என் மேல் ஒட்டிக்கொண்டு, அந்த ஆட்டம் முடியும்வரை படுத்தி எடுத்தது.

கனடாவின் வான்கூவரில் இருக்கும் கிளே நிறுவனம் செய்த கேம் இது. 2019-இல் சோதனைப் பதிப்பாக வந்து, 2021 ஜூனில் முழுதாக வெளியானது. நான் அந்த வருடக் கடைசியில் வாங்கினேன். இதுவரை 300 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. கதை பெரியவர்களுக்கானது. சால் என்கிற பெண்ணைச் சின்ன வயதில் கடனுக்காக விற்றுவிடுகிறார்கள். விற்ற காஷியோவைப் பழிவாங்க அவள் மர்டர் பே என்ற இடத்துக்குத் திரும்பி வருகிறாள். குடி, கடன், கூலிக்கொலை, காட்டிக்கொடுப்பு எல்லாம் உண்டு. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு விளையாடும் சரக்கு இல்லை.

இந்த கேமில் உங்களிடம் இரண்டு கார்டுக் கட்டுகள் இருக்கும். ஒன்று அடிதடிக்கு, இன்னொன்று பேச்சுக்கு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை அப்படியே விதியாக்கிவிட்டார்கள். பேச்சுவார்த்தையிலும் சண்டை மாதிரியே முறை வைத்து ஆட வேண்டும். எதிராளியின் மைய வாதம் நடுவில் இருக்கும், அதைச் சுற்றிக் குட்டி வாதங்கள் முளைக்கும். மையத்தை மட்டும் குறிவைத்து அடித்தால் சீக்கிரம் முடிக்கலாம், ஆனால் கவனிக்காமல் விட்ட குட்டிகள் முறைக்கு முறை உங்கள் மன உறுதியைக் கொறித்துக்கொண்டே இருக்கும். ஒரு முறைக்குக் கார்டு ஆடக் கையில் இருப்பது மூன்றே மூன்று புள்ளி. அதற்குள் எதை அடிப்பது, எதைத் தாங்கிக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும்.

சாலிடம் பேச்சுக்கு இரண்டு பாதை. நயமாகப் பேசும் பச்சைக் கார்டுகள், மிரட்டும் சிவப்புக் கார்டுகள். இரண்டும் பாதிக்குப் பாதி இருக்கட்டும் என்று ஆரம்பத்தில் கலந்து வைத்திருந்தேன். அதனால் எதுவும் உருப்படவில்லை. நயத்துக்கு வலு சேர்க்கும் கார்டு கைக்கு வரும்போது அடிக்க இருப்பதெல்லாம் மிரட்டலாக இருக்கும். இப்போதெல்லாம் முதல் நாளிலேயே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, மற்றதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இலவசமாகத் தருகிறார்களே என்று கார்டு சேர்ப்பதையும் விட்டுவிட்டேன். கார்டை ஆட ஆட அதற்கு அனுபவம் ஏறும். போதுமான அளவு ஏறியதும் இரண்டு மேம்பட்ட வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டு தடித்துப்போனால் நல்ல கார்டு கைக்கு வருவதும் குறையும், பழுப்பதற்கும் நாளாகும்.

சரி, அந்தச் சிநேகிதி விஷயத்துக்கு வருகிறேன். உங்களை ஒருவர் மனதார நேசித்தால் ஒரு வரம் கிடைக்கும், வெறுத்தால் ஒரு சாபம். வெறுப்பவர் செத்தால் சாபம் போய்விடும். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் அவரைக் கொன்றால் அவருடைய ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒரு சாபத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வீட்டுக்குக் கூட்டி வந்த ஆட்டங்கள் எனக்கு நிறைய உண்டு. நேசிப்பவருக்கும் இதே கணக்குதான். அவர் செத்தால் வரமும் போச்சு. நமக்கு வேண்டியவரை எதிர்த்தரப்பில் நிறுத்தும் வேலை வந்தால், கூலி எவ்வளவு என்றாலும் இப்போது கைகழுவிவிடுகிறேன்.

சாலைத் தவிர நாம் ஆடக்கூடிய மற்ற இருவரில் ரூக் ஒரு கிழட்டு ஒற்றன். பேச்சில் நாணயத்தைச் சுண்டிச் சுண்டி ஆடுவான். பிடிபட எனக்கு 20 ஆட்டம் பிடித்தது, பிடிபட்ட பிறகு அவனை விட்டு வர மனசில்லை. ஸ்மித் பணக்கார வீட்டுத் தறுதலை. குடித்த பாட்டிலையே ஆயுதமாக்குவான். சிரிக்க வைப்பான், ஆனால் எனக்கு அவனோடு நீண்ட நாள் ஒட்டவில்லை.

குறை இல்லாமலும் இல்லை. எத்தனை தடவை ஆடினாலும் ஒவ்வொருவர் கதைக்கும் எலும்புக்கூடு ஒன்றேதான். பத்தாவது தடவை காஷியோவைத் தேடிப் போகும்போது வசனங்களைத் தட்டித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். கதைக்காக வாங்குகிறவர்கள் ஒரு கதாபாத்திரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போன வாரம் ஒரு ஆட்டம். கடைசிச் சண்டைக்கு முந்தைய மோதலில் ஒருவன் சரணடைந்தான். அதற்கு முன் இரண்டு தடவை என்னை அடித்துப்போட வந்தவன். கொல்லும் பொத்தான் மேல் மவுஸ் போய்விட்டது. அவனுக்கு யார் யார் வேண்டியவர்கள் என்று பார்த்தேன். அதில் என் வரம் ஒன்றைத் தந்துகொண்டிருந்த மதுக்கடைக்காரியின் பெயரும் இருந்தது. விட்டுவிட்டேன். அடுத்த நாள் அவன் என்னைப் பார்த்து முறைத்தான். முறைக்கட்டும்.