காலி கேசட் என்றார்கள்: பழைய வீடியோக்களை மாற்றக் கொடுக்கப்போகிறவர்களுக்கு

அப்பா கேம்கார்டரில் எடுத்து வைத்த ஹை8 என்ற சின்ன வீடியோ கேசட் ஒன்றில் முதல் நான்கு நிமிடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு மேசை தெரிகிறது. அதன் மேல் ஒரு ஸ்க்ரூடிரைவர், கழற்றி வைத்த ஏதோ ஒரு மூடி, யாரோ ஒருவருடைய முழங்கை. படம் ஆடிக்கொண்டே மேலே போய் மின்விசிறியைக் காட்டுகிறது, மறுபடி மேசைக்கு இறங்குகிறது. பிறகு ஒரே வெட்டில் என் பாட்டி வருகிறார், பேச்சின் நடுவில். “அதுக்கப்புறம் அவ திரும்பி வரவே இல்ல” என்கிறார். யார் வரவில்லை என்பது அழிந்துபோன அந்த நான்கு நிமிடத்தில் இருந்தது.

பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தருகிறோம் என்று வாங்கிக்கொண்ட ஒரு கடையில் நடந்தது இது. பெயரை எழுதப்போவதில்லை. இந்த வேலையை இதே மாதிரி செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள், அதனால் நான் எங்கெங்கே கவனிக்கத் தவறினேன் என்பதைச் சொல்வதுதான் உங்களுக்கு உதவும்.

நான் கொண்டுபோனது வீடியோ கேசட் ஓட்டும் ஒரு விசிஆர், 11 விஎச்எஸ் கேசட், 6 ஹை8 கேசட். விசிஆர் கொஞ்ச நாளாகவே நாடாவை உள்ளே இழுத்துக் கசக்கிக்கொண்டிருந்தது. கேம்கார்டர் எப்போதோ போய்விட்டது. அந்தக் காலத்துக் கேம்கார்டர்கள் பலவற்றுக்கும் வரும் நோய்தான் அதற்கும்: உள்ளே இருக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள் கசிந்து போர்டை அரித்துவிட்டன. கடைக்காரர் பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, “விட்டுட்டுப் போங்க சார், எல்லாத்தையும் 4கே-ல போட்டுத் தர்றேன்” என்றார்.

அந்த வார்த்தையிலேயே நான் பையைத் திரும்ப எடுத்திருக்க வேண்டும். விஎச்எஸ் நாடாவில் படத்தின் குறுக்கே சுமார் 240 கோடுகள் அளவுக்குத்தான் நுணுக்கம் இருக்கிறது. ஹை8-ல் ஏறக்குறைய 400. அதை 4கே அளவுக்கு இழுத்தால் கோப்பு பெரிதாகும், நாடாவில் இல்லாத எதுவும் படத்துக்குள் வராது. இந்த வேலை தெரிந்தவர் 4கே பற்றிப் பேசமாட்டார். எந்த மெஷினில் ஓட்டுவார், படத்தின் ஆட்டத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் வைத்திருக்கிறாரா, நாடாவில் பூஞ்சை இருக்கிறதா என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

இரண்டு வாரம் என்றது இரண்டு மாதமானது. அப்புறம் ஒரு பென் டிரைவ் வந்தது.

முதலில் கண்ணில் பட்டது எல்லோருடைய முகமும் அகலமாக இருந்ததுதான். 4:3 படத்தைப் பக்கவாட்டில் இழுத்து அகலத்திரைக்கு நிரப்பியிருந்தார்கள். அடுத்து அசைவு. பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒன்று விட்டு ஒன்றான கோடுகள் கொண்ட இரண்டு அரைப்படங்களாகப் பிரிந்திருக்கும். பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 50 அரைப்படங்களாகவும், என்டிஎஸ்சி (NTSC) முறையில் ஏறத்தாழ 60 அரைப்படங்களாகவும் பதிவாகிறது. அந்த வழவழப்பான ஓட்டம் அதனால்தான் வருகிறது. இவர்கள் பாதியைத் தூக்கி எறிந்திருந்தார்கள். என் தம்பி முற்றத்தில் ஓடும் காட்சி தத்தித் தத்தி வந்தது. ஒலியோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. எங்கள் விசிஆரில் ஹை-ஃபை ஒலி உண்டு. சுழலும் டிரம்மில் இருக்கும் ஹெட்டுகள், அதாவது நாடாவில் எழுதிப் படிக்கும் பாகங்கள், அதைப் படத்தோடு சேர்த்தே பதிவு செய்யும். இவர்கள் எடுத்தது நாடாவின் ஓரத்தில் ஓடும் சாதாரண ஒலித்தடத்தை. பால் விஎச்எஸ் நாடா நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான் நகர்கிறது, பாட்டுக் கேசட்டின் வேகத்தில் பாதிகூட இல்லை. அந்தத் தடத்தில் தெளிவான குரலை எதிர்பார்க்க முடியாது. நல்ல ஒலி அதே நாடாவில் இருந்தும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஒரு விஎச்எஸ் கேசட்டின் நாடா அறுந்திருந்தது. அதைச் சாதாரண செல்லோடேப்பால் ஒட்டியிருந்தார்கள். சொல்லவும் இல்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் மஞ்சளாக ஒரு பளபளப்பு தெரிந்தது. அந்தப் பசை நாளடைவில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளில் ஒட்டும், ஓட்டினால் ஹெட்டில் அப்பும். நாடாவை ஒட்டுவதற்கென்றே தனி டேப் இருக்கிறது. நல்ல வேலைக்காரர் அறுந்த இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார்.

விசிஆருக்கு பில்லில் பெல்ட், பிஞ்ச் ரோலர், ஹெட் சர்வீஸ் என்று மூன்று வரி இருந்தது. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே அது மறுபடி நாடாவைக் கசக்கியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றினேன். பிஞ்ச் ரோலர் என்பது நாடாவை ஓர் உலோகத் தண்டோடு அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை. புது ரப்பர் மங்கலான கறுப்பாக இருக்கும், விரல் வைத்தால் லேசாகப் பிடிக்கும். நான் பார்த்தது கண்ணாடி போல மின்னியது, நடுவில் பழுப்பாக ஒரு வளையம். அப்பா காலத்து ரோலர் அது. பெல்ட்டும் தொளதொளவென்று கிடந்தது. மாற்றினோம் என்று பில் போட்டவர்கள் மூடியையாவது திறந்தார்களா என்றே எனக்குச் சந்தேகம். உங்களுக்கும் சொல்கிறேன், சர்வீஸுக்குக் கொடுத்தால் கழற்றிய பழைய பாகங்களைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கொடுக்கும் முன் உள்பக்கத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம். நாடா கையில் இருந்தால் வேறு ஒருவரிடம் திரும்ப எடுக்கலாம். என்னால் தாங்க முடியாதது ஹை8 கேசட்டுகளுக்கு நேர்ந்தது.

ஆறில் மூன்று கேசட்டைத் திருப்பித் தந்து, “இதுல ஒண்ணுமே இல்ல சார், காலி. காலத்துல அழிஞ்சு போயிருக்கும்” என்றார்கள். நான் நம்பினேன். ஒரு மாதம் அந்த மூன்றையும் அலமாரியில் வைத்துவிட்டு, பார்க்கும்போதெல்லாம் அப்பா இருக்கும்போதே மாற்றியிருக்கலாமே என்று நொந்துகொண்டிருந்தேன். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரே பெட்டியில், ஒரே அலமாரியில் இருந்த கேசட்டுகள். மூன்று நன்றாக இருக்கும்போது மூன்று மட்டும் எப்படித் துடைத்துவிட்டது போல் காலியாகும்? காந்தப் பதிவு அப்படி அழியாது. மங்கும், புள்ளிகள் விழும், பசை பிரிந்து ஹெட்டில் ஒட்டும். எதுவுமே இல்லாமல் போவதென்றால் யாராவது அழித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டிய மெஷின் சரியில்லை.

வேறொருவரைத் தேடிப் போனேன். அவர் கேசட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “அவங்க போட்டுப் பார்த்தது ஹை8 மெஷினா, பழைய வீடியோ8-ஆ?” வீடியோ8 வந்தது 1985-ல், ஹை8 வந்தது 1989-ல். கேசட் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஹை8 பதிவு உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் வீடியோ8 மெஷினால் அதை ஒழுங்காகப் படிக்க முடியாது. திரையில் இரைச்சல்தான் வரும். அப்பா முதல் மூன்று கேசட்டைச் சாதாரண வீடியோ8 முறையிலும், பிந்தைய மூன்றை ஹை8 முறையிலும் எடுத்திருக்கிறார். கடையில் இருந்தது வீடியோ8 மெஷினாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் ஒரு ஹை8 கேமராவில் போட்டார். “காலி” கேசட்டுகள் மூன்றிலும் படம் வந்தது. இரண்டு முழுசாக இருந்தன. மூன்றாவதில்தான் அந்த மேசையும் முழங்கையும். காலி என்று நினைத்த கேசட்டை வேறு யாருடைய கேமராவையோ சரிபார்க்கப் போட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் கேமராக்களில் அழிக்கும் ஹெட்டும் டிரம்மிலேயே சுழல்கிறது. அதனால் புதுப் பதிவு முடியும் இடம் கத்தியால் வெட்டியது போலச் சுத்தமாக இருக்கிறது. கீழே எதுவும் மிச்சமில்லை. மீட்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஆரம்பத்திலிருந்து இன்னொரு முறை ஓட்டிக் காட்டினார்.

கேசட்டின் முதுகில் பதிவைத் தடுக்கும் சின்னத் தாழ் ஒன்று இருக்கிறது. அதை நகர்த்தி வைத்திருந்தால் அந்தக் கேமரா பதிவே செய்திருக்காது. ஒரு நொடி வேலை. நான் பார்க்கவில்லை. விஎச்எஸ் கேசட்டிலும் பாட்டுக் கேசட்டிலும் உடைத்து எடுக்கும் பிளாஸ்டிக் துண்டாக இருக்கும், மினிடிவி என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட்டில் மறுபடி தாழ். வீட்டை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு கேசட்டிலும் இதை முதலில் பாருங்கள். காலி என்று யாராவது சொன்னால், எந்த மெஷினில் போட்டீர்கள் என்று மாடலோடு கேளுங்கள், இன்னொரு மெஷினில் பார்க்கும்வரை நம்பாதீர்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொடுக்காமல், போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு கேசட்டைக் கொடுத்து, அரைப்படங்களைக் கலைக்காத மூலக் கோப்பைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்பது என்னவென்று அவருக்குப் புரியவில்லை என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

அவசரமும் நியாயமானதுதான். ஃபுனாய் நிறுவனம் 2016-ல் விசிஆர் தயாரிப்பை நிறுத்தியது, அதோடு புது விசிஆர் என்பதே முடிந்துபோனது. யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசாவும் 2019-ல் காந்த நாடாக்கள் பற்றி எச்சரிக்கை விடுத்தன. நாடாவைவிட அதை ஓட்டும் மெஷின் முதலில் தீர்ந்துபோகும் என்பதுதான் அவர்கள் கவலை. அந்த அவசரம்தான் என்னை விசாரிக்காமல் பையைக் கொடுக்க வைத்தது. மாற்றிய பிறகும் மூல கேசட்டைத் தூக்கிப் போடச் சொல்வார்கள். தயவுசெய்து போடாதீர்கள். என் விஎச்எஸ் கேசட்டுகளை இப்போது இரண்டாம் முறையாக, ஹை-ஃபை ஒலியோடு எடுக்க முடிகிறது என்றால் அவை இன்னும் என்னிடம் இருப்பதால்தான்.

கடைக்குப் போய் அந்த நான்கு நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். மாற்றிய கூலியில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்றார். அந்த முழங்கை யாருடையது என்று கேட்டதற்கு, “பையன் போன மாசமே வேலையை விட்டுப் போயிட்டான்” என்றார்.

அத்தையிடம் பாட்டியின் அந்த வரியைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். பாட்டியின் தங்கையைப் பற்றியாக இருக்கலாம், இல்லை அடுத்த வீட்டில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றியாக இருக்கலாம் என்றார். மூன்றாம் முறை போடச் சொல்லிவிட்டு, படத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.