பௌரான்: திருகு இருந்தும் தீராத ஈரம்

விலை குறைந்திருக்கிறதே, வாங்கலாமா என்று அயர்லாந்தின் கால்வேக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர் ஒருவர், இந்த ஊர்த் தோல் வாத்தியமான பௌரானின் படத்தை அனுப்பிக் கேட்டார். என்னுடையதற்கு இந்த வாரம்தான் தோல் மாற்றி வாங்கினேன். கொடுத்த கூலியின் எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 16 அங்குல வட்டம், ஆட்டுத்தோல், தோலை இறுக்கித் தளர்த்த உள்பக்கம் ஆறு திருகு, அடிக்க ஒரு கட்டை. இதெல்லாம் படத்திலேயே தெரிகிறது. தெரியாதது ஈரம்.

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் சில இடங்களில் ஆண்டுக்கு 225 நாள் வரை மழை பெய்கிறது. மீதி நாட்களில் மழை வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி வாத்தியம் செய்யலாம் என்று முதலில் நினைத்தவரின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். வீட்டில் ‘தும்’ என்று கணீரென்று பேசும் அதே தோல், பப்புக்குள் நுழைந்து அரை மணி நேரம் ஆனதும் ‘பொத்’ என்கிறது. நனைந்த கோட்டோடு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்க்கிறது, அந்த ஈரத்தையெல்லாம் தோல் குடித்துவிட்டுத் தொய்கிறது. சரி என்று கணப்பு அடுப்புப் பக்கம் நாற்காலியை நகர்த்தினால் கொஞ்ச நேரத்திலேயே காய்ந்து விறைத்து ‘டங் டங்’ என்று கத்த ஆரம்பிக்கும். கஞ்சிராவில் தண்ணீர் தடவிச் சுருதி இறக்குவதையும், பறையைத் தீயில் காட்டி ஏற்றுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே இரண்டையும் ஒரே மாலையில் செய்ய வேண்டியிருக்கிறது.

‘திருகு இருக்கிறது, இனி வானிலை உங்களை ஒன்றும் செய்யாது’ என்று விற்ற கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். திருகு இருப்பது உண்மைதான். ஒரு திருகைக் கால் சுற்று திருப்பினால் நேரெதிரில் இருப்பதையும் அதே அளவு திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஒரு சுருதி, மறுபக்கம் இன்னொன்று. பக்கத்தில் ஃபிடில் (வயலின்) வாசிப்பவர்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டிருப்பார்கள், நான் மடியில் வாத்தியத்தைக் கவிழ்த்துப் போட்டு சைக்கிள் கடைக்காரர் மாதிரி சாவியோடு குனிந்திருப்பேன். வாசித்து முடித்ததும் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் இரவு ஹீட்டர் சூட்டில் தோல் தானாகவே இறுகி விளிம்பில் பிய்ந்துகொள்ளும் என்பார்கள். நான் ஒழுங்காகத் தளர்த்தித்தான் வைத்தேன். அப்படியும் பிய்ந்தது. 2025 ஜனவரியில் ஏயோவின் புயல் வந்தபோதும் இதே கவலைதான். கால்வே கவுண்டியில் மேஸ் ஹெட் என்ற இடத்தில் காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டியது, நாட்டிலேயே அதுவரை பதிவானதில் அதிகம். மின்சாரமும் இல்லை, ஹீட்டரும் இல்லை. வீட்டில் எல்லோரும் ஃப்ரிட்ஜைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், எனக்குத் தோலைப் பற்றி.

செயற்கைத் தோல் போட்டதும் கிடைக்கிறது. மழை வெயில் எதற்கும் அசையாது. வாங்கி வாசித்துப் பார்த்தேன், ஒலியில் சதையே இல்லை.

நியாயமாகச் சொல்வதென்றால், தோல் ஒத்துழைக்கிற இரவில் இதற்கு ஈடு கிடையாது. இடது கையை உள்ளே விட்டு விரல்களால் தோலை அழுத்தினால் ஒலி ஏறும், கையை எடுத்தால் அடிவயிற்றில் அதிரும். ஆறெட்டில் ஓடும் ஜிக் என்ற நடன மெட்டு முடிந்து ரீல் என்ற இன்னொரு மெட்டுக்குத் தாவும் அந்த ஒரு நொடி, கட்டையின் இரண்டு முனையும் மாறி மாறிப் பட்டு, ஃபிடிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் போதும். எதிரில் இருப்பவர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். செயின்ட் ஸ்டீபன் நாளன்று வீடு வீடாக வேஷம் போட்டுக்கொண்டு போகிறவர்கள் தட்டிய இந்த வாத்தியத்தை, 1960களில் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா தன் குழுவில் சேர்த்து மேடைக்குக் கொண்டுவந்தார். அவரை வாழ்த்தாத பௌரான்காரர் இல்லை, திட்டாத ஃபிடில்காரரும் இல்லை. இதை வாசிக்கச் சரியான கருவி பேனாக்கத்திதான் என்று காற்றுப்பைக் குழல் மேதை சேமஸ் என்னிஸ் சொன்னதாக ஒரு பழைய நக்கல் உண்டு. ஒவ்வொரு பப்பிலும் யாராவது ஒருவர் அதைத் தானே இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி என்னிடம் சொல்வார்.

பப்பில் எல்லோரும் கூடி வாசிக்கும் செஷனில் ஒரே நேரத்தில் ஒரு பௌரான்தான் என்பது எழுதாத சட்டம். மூத்தவர் யாராவது தன் பையைத் திறந்தால் நாம் நம்முடையதை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மெதுவான பாட்டு வந்தால் மூச்சு விடக்கூடாது. ஆக, வாசிக்கிற நேரத்தைவிடச் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் அதிகம். எதிர்பாராத சுகம் அங்கேதான் வந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவில் இந்த மனிதர்கள் பேசுகிற அரசியலை எந்தச் செய்தி வாசிப்பாளரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது.

டப்ளினில் நாடாளுமன்றம் இருக்கும் லெய்ன்ஸ்டர் ஹவுஸ் வளாகத்தில் 18 சைக்கிள் நிறுத்த ஒரு கூரை போட்டார்கள். செலவு சுமார் 3,36,000 யூரோ. 2024இல் விஷயம் வெளியே வந்தபோது நாடே கொதித்தது. அதைவிட முக்கியமான தகவல், மழை சாய்ந்து அடித்தால் சைக்கிள் நனையும் என்பது. இந்த நாட்டில் மழை எப்போது நேராகப் பெய்தது? அன்றைக்குக் கான்செர்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியம் வாசிப்பவர் என் பௌரானை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘இதைக் கொண்டுபோய் அந்தக் கூரைமேல் கவிழ்த்துவிடு, இரண்டு பிரச்சினையும் தீரும்’ என்றார். அதற்கு முந்தைய ஆண்டு அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ கணக்கில் 200 ஜோடி ரப்பர் செருப்புக்குக் கிட்டத்தட்ட 5,000 யூரோ செலவு என்று வந்தது. அதன்பிறகு பல நாள் யார் காலால் தாளம் போட்டாலும் ‘என்ன செருப்பு அது?’ என்ற கேள்விதான். 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ கொடுக்கும் சோதனைத் திட்டத்தை அரசு ஆரம்பித்தபோது, பௌரான் அடிப்பவர்களும் கலைஞர் கணக்கில் சேர்த்தியா என்று என்னைப் பார்த்தே கேட்டார்கள்.

ஊர் விஷயங்களை இப்படிக் கிண்டல் செய்யும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1896இல் மேற்கு கிளேர் ரயில் தாமதமானதால் பெர்சி ஃபிரெஞ்ச் என்ற கலைஞர் தன் நிகழ்ச்சிக்கு நேரத்தில் போய்ச் சேர முடியவில்லை. வழக்குப் போட்டு 10 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். அதோடு விட்டாரா? அந்த ரயிலைக் கிண்டல் செய்து பாட்டும் கட்டிவிட்டார். ரயில் 1961இல் நின்றுபோனது, பாட்டு நிற்கவில்லை. டப்ளின் விமான நிலையத்துக்கு மெட்ரோ என்று 2005இல் அறிவித்து இன்னும் ஒரு பெட்டிகூட ஓடாத கதை பேச்சில் வந்தால், யாராவது அந்தப் பாட்டை முனக ஆரம்பிப்பார்கள். அதற்குப் பௌரான் வேண்டாம் என்று எனக்குக் கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். செஷனில் உட்கார அந்த நாற்காலிதான் வேண்டுமென்றால் டின் விசில் என்ற சின்னத் தகரக் குழலை வாங்குங்கள், கோட்டுப் பையில் அடங்கும், தோல் கிடையாது, திருகு கிடையாது. ஊதி ஊதி அதன் வாயில் ஈரம் அடைக்கும், உறிஞ்சி எடுத்துவிட்டு மேலே வாசிக்கலாம். வாத்தியத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு, அதுவும் இன்று வெயில் அடிப்பதால்.

அப்படியென்றால் உங்களுடையதை எனக்குக் குறைந்த விலைக்குத் தந்துவிடுங்களேன் என்று அவர் கேட்பார், தெரியும். தர முடியாது. தோல் மாற்றக் கொடுத்த காசாவது தேறட்டும்.