குளிர்நீர் ஓடும் ஆர்.எஃப். ஊசி: திறந்த கல்லீரல் அறுவையில் எப்படி உழைக்கிறது?

ஆர்.எஃப். என்றால் ரேடியோ அலைவரிசை மின்னோட்டம்; அதன் வெப்பத்தால் கல்லீரல் கட்டியை எரிக்கும் கருவி இது. கட்டி 3 செ.மீ.க்குள் இருந்து, பக்கத்தில் பெரிய ரத்தநாளம் இல்லையென்றால் இதை நம்பி இறங்கலாம். அதைத் தாண்டினால், பெட்டியோடு வரும் கையேட்டில் போட்டிருக்கும் எரிப்பு அளவை அப்படியே நம்ப வேண்டாம்.

480 கிலோஹெர்ட்ஸ், 200 வாட் ஜெனரேட்டர், நுனி மட்டும் மின்காப்பு இல்லாத 17 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) ஊசி, அதற்குள் ஐஸ் நீரை ஓட்டும் பம்ப், மின்னோட்டம் திரும்பிப் போகத் தொடைகளில் ஒட்டும் கிரவுண்டிங் பேடுகள். தொகுப்பு இவ்வளவுதான். 60 டிகிரியில் செல்கள் சட்டென்று செத்துவிடும். 100-ஐத் தாண்டினால் திசு கருகி, மின்தடை (மின்னோட்டத்துக்குத் திசு காட்டும் எதிர்ப்பு) எகிறி, வெப்பம் வெளியே பரவாமல் நின்றுவிடும். அந்தக் கருகலைத் தடுக்கத்தான் குளிர்நீர். மின்தடை ஏறினால் ஜெனரேட்டரே சில நொடி மின்னோட்டத்தை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றும். ஒரு சுற்று 12 நிமிடம்.

தொடக்கத்திலேயே மின்தடை அடிக்கடி எகிறுகிறதா? ஜெனரேட்டரைக் குறை சொல்லுமுன் ஐஸ் பாத்திரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஐஸ் கரைந்திருக்கும், அல்லது குழாய் மடிந்திருக்கும். சுற்று முடிந்து பம்ப்பை நிறுத்தியதும் நுனியின் வெப்பமானி 60-க்கு மேல் காட்டாவிட்டால் அந்த இடம் சரியாக வேகவில்லை.

வயிற்றைத் திறந்து செய்வதன் முழு லாபமும் கைக்கு எட்டும் இடத்தில்தான். இரைப்பையையும் குடலையும் விலக்கி ஈரத்துணி வைத்துக் காக்கலாம். அல்ட்ராசவுண்ட் முனையைக் கல்லீரல்மேலேயே வைத்துப் பார்க்கலாம். 3 மி.மீ.க்கு மேற்பட்ட நாளங்களில் ஓடும் ரத்தம் வெப்பத்தை அடித்துக்கொண்டு போய்விடும். கட்டியின் அந்த ஓரம்தான் பிற்பாடு திரும்ப வளரும். பிரிங்கிள் முறையில், அதாவது கல்லீரலுக்கு ரத்தம் நுழையும் வாயிலைக் கொஞ்ச நேரம் இறுக்கினால், எரியும் பரப்பு பெரிதாகும். ஆனால் பித்தநாளத்தைக் குளிர்விக்கும் ரத்தமும் அப்போது நின்றுவிடும், எனவே வாயிலுக்கு அருகே இந்த வித்தை வேண்டாம்.

எரிக்கும்போது கிளம்பும் நுண்குமிழிகள் அல்ட்ராசவுண்ட் திரையை வெள்ளையாக்கி அடியில் இருப்பதை மறைக்கும். அதனால் ஆழமான பகுதியை முதலில் முடியுங்கள். வெள்ளைப் பரப்பை வைத்து எரிந்த எல்லையை முடிவுசெய்யாதீர்கள்; சுற்றிலும் 1 செ.மீ. விளிம்பு வேண்டுமென்றால் 3 செ.மீ. கட்டிக்கு 5 செ.மீ. எரிய வேண்டும், ஒற்றை ஊசியை ஒருமுறை செருகினால் அது நடக்காது.

ஊசியை உருவும்போது தடத்தையும் சுட்டுக்கொண்டே வாருங்கள். ரத்தக்கசிவும் புற்றுச்செல் சிந்துவதும் குறையும். பேடுகளில் ஒன்று பாதி கழன்றிருந்தால் தொடை வெந்துவிடும். இதை நடுநடுவே தொட்டுப் பார்க்க ஒரு செவிலியரை நிறுத்துவது நல்லது.

பித்தநாளத்தைக் குடலோடு இணைத்த நோயாளிக்கு இதை எடுக்காதீர்கள். வெந்த இடத்தில் சீழ்க்கட்டி வரும் ஆபத்து மிக அதிகம்.